நோட்டு வேண்டாம்னு சொன்னது நான்தான்

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். ஆனா பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதியிருக்கேன். நடுவுல கொட்டாவி வந்தா ஒரு டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதோட, இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு தயக்கம் வேற. நம்ம பெருமையை எழுதறதுன்னா கை தானா ஓடும். நாம வாங்கின ஆப்பை எழுதறதுன்னா மட்டும் கீபோர்டு கனக்குது.

நமக்கு ஊர் காலாப்பட்டு. புதுச்சேரில இருந்து ஈசிஆர்ல சென்னைப் பக்கம் வந்தா பிள்ளைச்சாவடி தாண்டி வரும். பல்கலைக்கழகமும் இங்கதான், மத்திய சிறையும் இங்கதான். படிக்கப் போறவனும் ஜெயிலுக்குப் போறவனும் ஒரே பஸ்ல வந்து இறங்குவாங்க :) நான் இன்ஜினியரிங் படிச்சதும் பக்கத்துலயே, இப்ப வீட்டுல இருந்தே சென்னைக் கம்பெனிக்குப் பொட்டி தட்டறதும் இங்கதான்.

எங்க பக்கத்துல ஒரு சின்ன கிளினிக் இருக்கு. காலைல ஏழரைக்கு டாக்டர் உட்காருவார். கூட்டம் அள்ளும். டோக்கன் வாங்க அஞ்சு மணிக்கே வந்து வாசல்ல செருப்பைப் போட்டு இடம் பிடிப்பாங்க. உள்ள இருக்கற அக்கா ஒரு நீள நோட்டுல பேரும் நம்பரும் எழுதி வைப்பாங்க. 2024 ஆகஸ்ட்ல, 'ஏன்க்கா இந்தக் கஷ்டம், நான் ஒரு பக்கம் செஞ்சு தரேன், முந்தின நாள் ராத்திரியே வீட்டுல இருந்து போன்ல டோக்கன் போட்டுக்கலாம்'னு நானாப் போய்ச் சொன்னேன். காசெல்லாம் வாங்கல. ஊருக்கு ஒரு நல்லது பண்ற மிதப்பு.

நல்லாத்தான் ஓடிச்சு. மொதல்ல அக்கா என்னை நம்பல. போன்லயும் பார்ப்பாங்க, நோட்டுலயும் எழுதுவாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் எங்க தலைமேலயே கரை கடந்துச்சு. 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கும் மேல மழை. எங்க வீட்டுல ரெண்டு நாள் கரண்ட் இல்ல. ஆனா மும்பைல இருக்கற என்னோட வாடகை சர்வர் எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குத் தலைக்கனம் ஏறிச்சு. ஜனவரில அக்காகிட்ட, 'இன்னும் எதுக்குக்கா நோட்டு? புயலுக்கே ஒண்ணும் ஆகல பாத்தீங்கல்ல'ன்னு சொன்னேன். அக்காவும் சரின்னு எழுதறதை நிறுத்திட்டாங்க.

பிப்ரவரில ஒரு நாள். வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. காலைல அஞ்சு அம்பதுக்கு அக்கா போன் பண்றாங்க.

"தம்பி, உன் பொட்டில என்னமோ ஆயிடுச்சுப்பா. நம்பர் ஒண்ணுன்னு ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. மூணுன்னும் ரெண்டு பேர்."

இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

மளிகைக் கடையைப் பாருங்க. அடிக்கடி போற சாமான் எல்லாம் அண்ணாச்சி கைக்கெட்டற தூரத்துல இருக்கும். மூட்டை எல்லாம் பின்னாடி கிடங்குல இருக்கும். கை எட்டற அந்தத் தட்டுதான் எங்க பாஷைல கேஷ். கிடங்குதான் டேட்டாபேஸ். ஒவ்வொரு தடவையும் கிடங்குக்கு ஓடினா கூட்டம் நின்னுடும், அதுக்காகத்தான் தட்டு. தட்டு சரிஞ்சு விழுந்தாக்கூட ஒண்ணும் குடி முழுகாது, கிடங்குல இருந்து எடுத்து மறுபடி அடுக்கிக்கலாம்.

கம்ப்யூட்டர்ல இந்தத் தட்டு இருக்கறது ராம் நினைவகத்துல. டிஸ்க்கை விடப் பல மடங்கு வேகம். ஆனா கரண்ட் போனாலோ மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலோ சிலேட்டைத் துடைச்ச மாதிரி எல்லாம் போயிடும். இதுல நம்ம சாதிக்காரங்களுக்கு, அதாவது வலைப்பதிவு எழுதறவங்களுக்கு, ஒரு சொந்தம் உண்டு. 2003-ல பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்டுன்னு ஒண்ணு எழுதினார். எதுக்கு? அவர் நடத்திக்கிட்டிருந்த லைவ்ஜர்னல்ங்கற வலைப்பதிவுத் தளம் கூட்டம் தாங்காமத் திணறினதுக்கு. அது சுத்தமான தட்டு, ரீஸ்டார்ட் ஆனா காலி, அவ்ளோதான். அப்புறம் 2009-ல இத்தாலிக்காரர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ ரெடிஸைக் கொண்டு வந்தார். இதுவும் ராம்ல ஓடறதுதான், ஆனா வேணும்னா டிஸ்க்குலயும் எழுதி வெச்சுக்கும். 'வேணும்னா'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

என் டோக்கன் கணக்கு மொத்தமும் ரெடிஸ்ல இருந்துச்சு. காரணம், அதுல 'இன்கர்'னு ஒரு கட்டளை. அடுத்த நம்பர் குடுன்னா குடுக்கும். ஆயிரம் பேர் ஒரே நொடில கேட்டாலும் ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வரவே வராது. இதைச் சொல்லித்தான் டாக்டர்கிட்டயே பீத்திக்கிட்டேன். கிடங்கு ஒண்ணு தனியா கட்டவே இல்ல. தட்டுதான் கடை, தட்டுதான் கிடங்கு.

இதுக்கு முன்னாடி, டிசம்பர்லயே ஒரு எச்சரிக்கை வந்துச்சு. ஒரு ராத்திரி ரெடிஸ், 'என்னால டிஸ்க்ல காப்பி எடுக்க முடியல, அதனால புதுசா எதையும் எழுத விடமாட்டேன்'னு அடம் பிடிச்சது. ரெடிஸ் காப்பி எடுக்கறப்ப தன்னையே ரெண்டாப் பிரிச்சுக்கும். ஒரு பாதி வேலையைப் பார்க்கும், இன்னொரு பாதி அந்த நிமிஷத்து நிலவரத்தை ஃபைல்ல எழுதும். என்னோடது ஒரு ஜிபி ராம் இருக்கற ஏழை சர்வர். அப்படிப் பிரிய இடம் இல்லன்னு லினக்ஸ் கையை விரிச்சிடுச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? லினக்ஸோட ஓவர்கமிட் அமைப்பை 1-ன்னு மாத்தியிருக்கணும், இல்லன்னா ராமைக் கூட்டியிருக்கணும். நான் என்ன பண்ணினேன்? கூகுள்ல தேடி மொதல்ல வந்த ஒத்தை வரித் தீர்வைப் போட்டேன். காப்பி எடுக்கறதையே நிறுத்திட்டேன். எரர் போயிடுச்சு. நிம்மதியா தூங்கிட்டேன். அலாரம் அடிக்குதுன்னு பேட்டரியைப் பிடுங்கிட்டுத் தூங்கின கதை.

அப்புறம் பிப்ரவரில சர்வர் கம்பெனில இருந்து ஒரு மெயில். பராமரிப்பு வேலை இருக்கு, இந்தத் தேதி ராத்திரி உங்க மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்னு தெளிவா எழுதியிருந்தாங்க. ஆஃபர் மெயிலோட மெயிலா அது படிக்கப்படாமக் கிடந்துச்சு. தப்பு அவங்க மேல இல்ல. ராத்திரி 3.40-க்கு மெஷின் ரீஸ்டார்ட் ஆச்சு. ரெடிஸ் காலியா எழுந்து உட்கார்ந்துச்சு. அடுத்து ஒருத்தர் டோக்கன் கேட்டதும், இல்லாத கணக்கை ரெடிஸ் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு, சமத்தா ஒண்ணுன்னு குடுத்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு, மூணு, நாலு...

நான் பைக்கை எடுத்துக்கிட்டு ஓடினப்ப வாசல்ல சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் போனை நீட்டறாங்க. எல்லார்கிட்டயும் எஸ்எம்எஸ் இருக்கு. எல்லாமே நெஜம். கடைசில, 3.40-க்கு முன்னாடி வந்த எஸ்எம்எஸ்தான் மொதல்ல செல்லும், பின்னாடி போட்டவங்க அவங்களுக்கு அப்புறம்னு முடிவு பண்ணினோம். திட்டிக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க.

சுவரோரமா ஒரு ஆயா உட்கார்ந்திருந்துச்சு. கனகசெட்டிக்குளம் பக்கம், மொத பஸ்ல வந்திருக்கு. சர்க்கரை நோய், வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும். "நாலாம் நம்பருப்பா. பேரன் போட்டுக் குடுத்தான்"னு சொல்லுச்சு. போன் இல்ல. எஸ்எம்எஸ் வந்தது பேரன் நம்பருக்கு. பேரன் ஒரகடத்துல ஷிஃப்ட்ல இருக்கான், போனை லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ள போகணும். அக்கா ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தாங்க, எடுக்கல. இன்னொருத்தர் நாலாம் நம்பர் எஸ்எம்எஸ்ஸைக் காட்டினார், 3.40-க்கு அப்புறம் போட்டது. ஆனா ஆயாகிட்ட காட்ட எதுவுமே இல்லையே. சத்தம் போட்டவங்க முன்னாடி போனாங்க. ஆயா சத்தமே போடல.

ஒம்பதே முக்காலுக்கு ஆயாவுக்குத் தலை சுத்திடுச்சு. கை நடுங்குது, வேர்த்து ஊத்துது. அக்கா ஓடி வந்து சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க, டாக்டர் இருந்த பேஷன்டை அப்படியே விட்டுட்டு எழுந்து வந்தார். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்க நின்னேன், கையை எங்க வெச்சுக்கிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைச்சது. எஸ்எம்எஸ் அனுப்பற சேவைக்காரங்ககிட்ட ஒவ்வொரு மெசேஜுக்கும் பதிவு இருக்குமே! உள்ள போய்ப் பார்த்தா, முந்தின ராத்திரி போன 46 மெசேஜும் நேரத்தோட, நம்பரோட வரிசையா நிக்குது. நாலாவது வரி ஆயாவோட பேரன். காலைல ஆறு மணிக்கே இதைப் பார்த்திருந்தா ஆயா எட்டு மணிக்கெல்லாம் ரத்தம் குடுத்துட்டு இட்லி சாப்பிட்டிருக்கும்.

ஆயா கிளம்பறப்ப என்னைப் பார்த்து, "நோட்டுல எழுதிக்கினு இருந்தாங்களே, அது இன்னா ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. கோவமாக்கூட கேட்கல, சும்மாத்தான் கேட்டுச்சு. அக்கா என்னைக் காட்டிக் குடுக்கல. நானும் வாயைத் திறக்கல.

சரி, அதுக்கப்புறம் என்ன பண்ணினேன்னு சொல்றேன். இதே வேலை பார்க்கறவங்க யாராவது படிச்சா பயன்படும்.

மொத விஷயம், எது கேஷ்னு ஒரு கேள்வி கேட்டுக்கணும்: 'இது போனா திரும்ப உண்டாக்க முடியுமா?' முடியும்னா அது கேஷ், போனாப் போகுது. முடியாதுன்னா, ரெடிஸ்ல இருந்தாலும் சரி ராக்கெட்ல இருந்தாலும் சரி, அது கேஷ் இல்ல, சரக்கு. டோக்கன் சரக்கு. இப்ப மொதல்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல எழுதி, அது 'எழுதிட்டேன்'னு சொன்ன அப்புறம்தான் எஸ்எம்எஸ் போகுது. அடுத்த நம்பர் குடுக்கறதும் டேட்டாபேஸ்தான். 'இப்ப எந்த நம்பர் உள்ள போயிருக்கு'ன்னு எல்லாரும் நிமிஷத்துக்கு பத்து தடவை பார்ப்பாங்களே, அதுக்கு மட்டும் ரெடிஸ்.

ரெண்டாவது, திரும்ப உண்டாக்க முடிஞ்ச கேஷையும் காப்பாத்தறதுல அர்த்தம் இருக்கு. தட்டு காலியானா கடைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல கிடங்குக்குள்ள புகுந்துடுவாங்க. 2010 செப்டம்பர் 23-ல ஃபேஸ்புக் கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம் படுத்துச்சே, அது இந்த ரகம்தான். கேஷ்ல ஒரு அமைப்பு தப்பா இருக்குன்னு நினைச்ச மெஷின்கள் எல்லாம் அதைத் திருத்த ஒரே நேரத்துல டேட்டாபேஸ் மேல பாய்ஞ்சு, அதை எழுந்திருக்கவே விடாம அமுக்கிடுச்சு. கடைசில தளத்தையே மூடிட்டுத்தான் சரி பண்ணினாங்க.

மூணாவது, ரெடிஸ்ல டிஸ்க்குக்கு எழுத ரெண்டு வழி. ஒண்ணு ஆர்டிபி. அப்பப்ப ஒரு போட்டோ எடுக்கற மாதிரி. ஃபைல் சின்னது, ரீஸ்டார்ட்ல சீக்கிரம் ஏறிடும். ஆனா கடைசி போட்டோவுக்கு அப்புறம் நடந்தது போச்சு. இன்னொண்ணு ஏஓஎஃப், அதாவது அப்பெண்ட் ஒன்லி ஃபைல். மாத்தம் பண்ற ஒவ்வொரு கட்டளையையும் ஒரு ஃபைலோட அடில எழுதிக்கிட்டே போகும். ரீஸ்டார்ட் ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் திரும்பப் படிச்சு பழைய நிலைக்கு வந்துடும். நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்ல இறக்குன்னு வெச்சா, மெஷின் சட்டுனு செத்தாலும் போறது ஒரு நொடி அளவுதான். ரெடிஸை நிறுவினதும் இது தானா ஓடாது, நாமதான் போடணும். அதான் அந்த 'வேணும்னா'. நான் ரெண்டையும் சேர்த்தே வெச்சிருக்கேன்.

நாலாவது, ஒரு குழி. ஓடிக்கிட்டிருக்கற ரெடிஸ்ல ஏஓஎஃப்-ஐப் போடறேன்னு கான்ஃபிக் ஃபைலை மட்டும் திருத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. ஏஓஎஃப்-ஐத் தேடும், இருக்காது, பழைய ஆர்டிபி பக்கத்துலயே இருந்தாலும் கண்டுக்காம காலியா எழுந்துடும். காப்பாத்தப் போய் நாமளே அழிச்ச கதை ஆயிடும். ஓடறப்பவே கான்ஃபிக் செட் கட்டளையால போட்டு, அது ஃபைலை எழுதி முடிக்கற வரைக்கும் பொறுத்து, அப்புறம் கான்ஃபிக் ஃபைல்ல பதியணும். நல்லவேளை இதை வீட்டு மெஷின்ல சோதிச்சப்பவே கத்துக்கிட்டேன்.

அஞ்சாவது, டிஸ்க்குன்னா எந்த டிஸ்க்? டாக்கர்ல ஓட்டறவங்க தனியா பேர் வெச்ச வால்யூம் குடுக்கலன்னா, கன்டெய்னரைத் தூக்கிட்டுப் புதுசு போடறப்ப பழைய ஃபைல் எங்கயோ அநாதையாக் கிடக்கும், புதுசு காலியா எழும். கிளவுட்லயும் ரெண்டு ரகம் இருக்கு. அமேசான்ல இன்ஸ்டன்ஸ் ஸ்டோர்னு ஒண்ணு, மெஷினோடவே ஒட்டினது. சும்மா ரீபூட்னா தப்பிக்கும், நிறுத்தி மறுபடி கிளப்பினா போயிடும். ஈபிஎஸ் தனி டிஸ்க், நிறுத்தினாலும் நிக்கும். ரீஸ்டார்ட்டுங்கற ஒரே வார்த்தைக்குள்ள இத்தனை அர்த்தம் இருக்குன்னு ஆயா புண்ணியத்துலதான் தெரிஞ்சது. (இன்னொரு சேதி: 2024 மார்ச்ல ரெடிஸ் லைசென்ஸை மாத்தினதும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் வால்கீன்னு ஒரு கிளை பிரிஞ்சுது. நான் சொன்ன சங்கதி எல்லாம் அதுக்கும் பொருந்தும்.)

இதெல்லாம் முடிச்ச அப்புறம் ஒரு சாயங்காலம் பல்கலைக்கழகப் பக்கம் சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன். அங்க நூலகத்தோட பேர் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம். காலேஜ் காலத்துல இருந்து அந்தப் பேரைப் பார்த்திருக்கேன், யோசிச்சதில்ல. அன்னிக்கு யோசிச்சேன். டியூப்ளே காலத்துத் துபாஷி. 1736 செப்டம்பர்ல எழுத ஆரம்பிச்சவர், 1761 ஜனவரி வரைக்கும் எழுதினார். எந்தக் கப்பல் வந்துச்சு, எந்தச் சரக்கு என்ன விலை, கவர்னர் யாரைத் திட்டினார்னு நடந்ததை நடந்த வரிசைல, அடில சேர்த்துக்கிட்டே போனார். சுத்தமான ஏஓஎஃப்!

அவர் கண்ணை மூடின அதே மாசம் புதுச்சேரி இங்கிலீஷ்காரங்க கைல விழுந்துச்சு. கோட்டையையும் ஊரையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. இதை விடப் பெரிய ரீஸ்டார்ட் இந்த ஊருக்கு நடந்ததில்ல. ஆனா நோட்டுகள் தப்பிச்சுது. 1846-ல கலுவா மொம்பிரான்ங்கற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடிச்சுப் பிரதி எடுத்தார். 1904-ல இருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா இங்கிலீஷ்ல அச்சாச்சு. நடுவுல சில காலத்துக் குறிப்புகள் காணாமத்தான் போயிருக்கு. அந்த நாட்கள்ல அவர் என்ன பார்த்தார்னு இனிமே எந்தக் கிடங்குல இருந்தும் எடுக்க முடியாது. அது சரக்கு.

இப்ப ஒவ்வொரு மாசமும் மொத ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவ் அன்னிக்கு நானே சர்வரை ரீஸ்டார்ட் பண்றேன். முன்னாடி எத்தனை டோக்கன், பின்னாடி எத்தனைன்னு எண்ணிப் பார்க்கறேன். காப்பி எடுத்து வெச்சிருக்கோம்ங்கறது வேற, அது திரும்ப எழும்னு கண்ணால பார்க்கறது வேற. பராமரிப்பு மெயில் வந்தா போன்ல தனிச் சத்தம் அடிக்கற மாதிரி வெச்சிருக்கேன். தினமும் ராத்திரி ஒம்பது மணிக்கும் காலைல அஞ்சு மணிக்கும் டோக்கன் பட்டியல் அக்கா போனுக்குப் போகுது.

அதைப் பார்த்து அக்கா நோட்டுலயும் எழுதிக்கறாங்க. புது நோட்டு, நான்தான் வாங்கிக் குடுத்தேன். 'உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி'ன்னு சமாதானம் சொன்னாங்க. 'நம்பாதீங்கக்கா, எழுதுங்க'ன்னு சொன்னேன்.

போன மாசம் ஆயா வந்திருந்துச்சாம். ஏழாம் நம்பர். பேரன் போட்டுக் குடுத்ததை ஒரு பேப்பர்ல எழுதி முந்தானைல முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்துச்சாம்.

பி.கு: உங்க கைல இருக்கறதுல திரும்ப உண்டாக்க முடியாதது எது, அது எங்க இருக்குன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உங்க பழைய பதிவுகளையும் சேர்த்துத்தான் சொல்றேன். காப்பி வெச்சிருக்கீங்களா?